மூன்றுகால் மேஜை

பத்து இடத்தில் தொடுவாள். கட்டைவிரல் நுனி, நடுவிரல் நுனி, சுண்டுவிரல் நுனி, விரல்களுக்குக் கீழே மேடாக இருக்கும் சதையில் மூன்று, பாதத்தின் நடுவில் இரண்டு, குதிகாலில் ஒன்று, புறங்காலில் ஒன்று. வரிசையாகத் தொடமாட்டாள், மாற்றி மாற்றித் தொடுவாள், யாரும் ஊகித்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. போன தடவை பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொட்டபோதே இதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறேன். "கண்ணை மூடிக்குங்கம்மா" என்கிறாள் சிஸ்டர் பியூலா. மூடிக்கொள்கிறேன். ஸ்பிரிட் வாசனை. மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை டக் என்கிறது. கட்டிலின் ரெக்சின் முழங்கையில் ஒட்டுகிறது. கதவோரத்து ஸ்டூலில் என் தங்கை திலகவதி பையைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். நேற்றுத்தான் மாயவரத்திலிருந்து திருச்சிக்கு வந்தாள், எனக்குத் துணையாக. எழுபது வயதிலும் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. "நைலான் நரம்பால தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க. தெரியலேன்னா சும்மா இருங்க. கரெக்டா சொல்லணும், என்ன? டாக்டர் இதையும் அந்த ரத்த ஓட்ட ஸ்கேனையும் வெச்சுத்தான் விரலோட நிறுத்தலாமா, மேல போகணுமான்னு பார்ப்பாரு." மேல என்றால் எதுவரை என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. திலகா கேட்டாள். "மேலன்னா? கணுக்கால் வரைக்குமா சிஸ்டர்?" "அதெல்லாம் டாக்டர் சொல்லுவாரும்மா." இடது காலில் இரண்டாவது விரல் கறுத்துவிட்டது. செருப்புக்குள் ஒரு குண்டூசி இருந்திருக்கிறது. மூன்று நாள் அதன்மேல் நடந்திருக்கிறேன், தபாலாபீசுக்கு, காய் வாங்க, மாடிப்படி ஏறி இறங்க. மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று, "அம்மா, உங்க வீட்டுத் தரையெல்லாம் குங்குமம் கொட்டிக் கிடக்கே" என்றாள். குனிந்து பார்த்தேன். குங்குமம்தான் என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். துடைக்கத் துணி எடுக்கப் போனேன், போன வழியெல்லாம் இன்னும் குங்குமம். "ம்" என்கிறேன் இப்போது. வலது காலில் ஆரம்பித்திருக்கிறாள். "ம்." எதுவும் தெரியவில்லை. "ம்."

தொடுவதற்கு முன்னால் மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் விஷயம். ஊசியில் நூல் கோக்கும்போது பிடித்துக்கொள்வோமே, அப்படி. தொட்டதும் மூச்சு விடுபடுகிறது, மூக்கின் வழியாக, சிறிய சீறலாக. அந்தச் சீறலுக்கு நான் "ம்" சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே கட்டிலில் இப்படித்தான் சொன்னேன், "பாட்டிக்குப் பத்துக்குப் பத்து" என்றாள், எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பத்துக்கு மூன்று. அவருக்குத்தான் சொன்னார்கள், தினமும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள் என்று. பத்துக்குப் பத்து வாங்கியவளுக்கு யார் சொல்வார்கள்? ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து நான் செய்யவில்லை. ஒருவர் கேட்டால், அவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ அது என் வாயில் வந்து நிற்கும். ஏழு வருஷம் அதுதான் என் வேலை. திலகாவுக்குத் தெரியாது. நான் பொருட்காட்சியில் டிக்கெட் கிழித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படித்தான் நான் சொன்னேன், அம்மாவின் காரியத்துக்குப் போனபோது, பதினாறு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்தபோது. "என்ன வேலைக்கா பார்த்தே அங்கே?" "டிக்கெட் கிழிச்சேன்." அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அப்பாடா, மேடையேறி ஆடவில்லை. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்வது? "ம்" என்கிறேன். சீறல். "ம்."

தலை. நான் தலையாக இருந்தேன். தகரக் கொட்டகை வாசலில் பலகை: தலை மட்டும் உயிர் வாழும் அதிசயப் பெண் சுலோசனா. சிவப்பு எழுத்து, 'வாழும்' என்பதில் ழகரத்தின் சுழி அதிகம். அதை முதல் நாள் பார்த்தபோதே எனக்குத் திருத்தக் கை ஊறியது. பிற்காலத்தில் அச்சகத்தில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தினேன், ஆனால் அந்தப் பலகையை மட்டும் திருத்தவே இல்லை. திருச்சியில் தமிழ் இலக்கியம் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் பெண்கள் ஆறு பேர், தலைக்கு ஒரு ரூபாய் போட்டு ராட்டினம் ஏறிவிட்டு உள்ளே போனோம். மேடையில் ஒரு மேஜை, மேஜைமேல் பித்தளைத் தட்டு, தட்டில் காகிதப் பூக்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் தலை. மேஜைக்குக் கீழே வெறும் காற்று, பின்னாலிருக்கும் நீலப் படுதா. வேறொருத்தி அப்போது தலை, ரோசம்மாள். கூட்டம் வாயைப் பிளந்தது. நான் சத்தமாகச் சொன்னேன், "அது கண்ணாடி. கீழே ரெண்டு கண்ணாடி சாய்வா வெச்சிருக்கு. நாம பார்க்கறது பின்பக்கத்துப் படுதா இல்ல, பக்கத்துப் படுதா." என் அப்பா பலராமன் மாயவரத்தில் ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். ஒளிச்சிதறலும் பிரதிபலிப்பும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் வைத்துச் சொல்லித்தரப்படும். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. மேடையோரம் கறுப்புக் கோட்டும் வேட்டியுமாக நின்ற ஆள் இறங்கி வந்தான், புரொபசர் தனகோடி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன், இருபத்தாறு வயதிருக்கும். காதோரம் குனிந்து, "தாயி, நாலு பேர் பொழைக்கறோம். வாயை மூடிக்கிட்டுப் போனா நாளைக்கு உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்றான். மறுநாள் போனேன். காட்டினான். மேஜைக்கு நான்கு கால் தெரியும், இருப்பது மூன்று. நான்காவது, கண்ணாடியில் விழும் நிழல். இரண்டு கண்ணாடிக்கும் பின்னால் ஒரு முக்காலி, அதன்மேல் ரோசம்மாள், முழங்காலை மடக்கி, கையைக் கட்டி, ஜாக்கெட்டெல்லாம் வியர்வை. மேலே ராணி, கீழே மூட்டை. "என்ன காலேஜு, பார்த்துட்டியா? போய் நோட்டுல எழுதிக்கோ" என்றாள் ரோசம்மாள், தட்டிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டே. அன்றிலிருந்து அங்கே என் பெயர் காலேஜு. நான்கு மாதம் கழித்து ஹாஸ்டலை விட்டு, படிப்பை விட்டு, தனகோடியோடு கிளம்பினபோதும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். "வாடி காலேஜு. உனக்குக் கழுத்து நீளம், என்னைவிட நல்லாப் பொருந்தும். எனக்கு மூட்டு செத்துப்போச்சு, நான் பாம்புப் பெண்ணுக்குப் போயிடுறேன், படுத்துக்கிட்டே செய்யலாம்." படுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் துணிப் பாம்பை மாட்டிக்கொண்டு, வாலை யாரோ படுதாவுக்குப் பின்னால் இழுத்து ஆட்ட, ஐம்பது வயதில் அவள் நாக கன்னி. இடையிடையே படுதாவுக்குள் திரும்பி, "ஏய், வாலை மெதுவா ஆட்டுடா, இடுப்பு பிடிக்குது" என்பாள். அது கூட்டத்துக்கும் கேட்கும். கூட்டம் சிரிக்கும். சிரித்துவிட்டு மறுபடி பயப்படும். இரண்டும் எப்படி ஒரே ஆட்களுக்கு முடிந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

உட்காருவதுதான் வேலை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது, நடுவில் எழுந்து போக முடியாது. எச்சில் விழுங்கக் கூடாது, கழுத்து அசையும், தட்டு அசையும். ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிஷம் பாதத்தில் எறும்பு ஊறும். பத்தாவது நிமிஷம் எறும்பு முழங்காலுக்கு ஏறும். பிறகு எறும்பும் இல்லை. கால் என்று ஒன்று இருந்த இடத்தில் ஒரு கனம், நனைந்த மூட்டைமாதிரி, யாருடையதோ. சின்ன வயதில் வீட்டில் காலை மடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்து மரத்துப்போகும்போது அப்பா வருவார், பேச்சே இல்லாமல் என் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கட்டைவிரலைச் சொடுக்குவார், ஒவ்வொரு விரலாக, உயிர் வரும்வரை. "ரத்தம் வரணும்டி, ரத்தம் வந்தா உணர்ச்சி வரும்." முக்காலியில் அப்படி யாரும் வரமாட்டார்கள். ஆட்டம் முடிந்தபின் ரோசம்மாள் கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவாள். "இடுப்புக்குக் கீழே உனக்கு ஒண்ணுமே இல்லேன்னு நினைச்சுக்க. நீ அதை நினைக்க நினைக்கத்தான் அது வலிக்கும்." நினைக்காமலிருக்கப் பழகினேன். நன்றாகப் பழகினேன். கண்ணில் கறுப்புத் துணி கட்டுவார்கள், தனகோடி கூட்டத்தில் யாரிடமாவது ஒரு பொருளை வாங்கித் தூக்கிப் பிடிப்பான். "சட்டுனு சொல்லு" என்றால் கைக்கடிகாரம். "யோசிச்சுச் சொல்லு" என்றால் மோதிரம். "தயங்காமச் சொல்லு" என்றால் பேனா. "ஐயா தப்பா நினைச்சுக்காதீங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் மூக்குப்பொடி டப்பி. கடைசியில் கட்டை அவிழ்ப்பான், "இனி தலைகிட்ட நீங்க என்ன வேணும்னாலும் கேக்கலாம்." மழை வருமா, மாடு கிடைக்குமா, மகளுக்கு எப்போது அமையும். எல்லாரும் முகத்திலேயே பதிலை எழுதிக்கொண்டுதான் வருவார்கள். நான் வாசித்துச் சொல்வேன். பக்கத்துக் கொட்டகை மரணக்கிணறு, மைதீன் பாய் பைக்கை முடுக்கினால் எங்கள் மேடை நடுங்கும், கண்ணாடி நடுங்கும், இல்லாத நான்காவது கால் மட்டும் தனியாக உதறும். அதனால் அவர் கீழே இறங்கி டீ குடிக்கிற நேரம்தான் எங்கள் ஆட்டம். எங்களுக்காகவே டீயை ஊதி ஊதி ஆறவைத்துக் குடிப்பார். "எத்தனை நேரம்தான்யா ஒரு டீயைக் குடிக்கிறது, உன் பொண்டாட்டித் தலைக்காக என் வயிறு புண்ணாகுது" என்று தனகோடியிடம் திட்டுவார். இன்னொரு சட்டமும் உண்டு. தெரிந்த முகம் வந்தால், யாராக இருந்தாலும், கண்ணைக் கூரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தலைக்கு யாரையும் தெரியாது. ஊர் கிடையாது, உறவு கிடையாது. ரோசம்மாளின் புருஷன் ஒருமுறை வந்து நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த கேள்வி" என்றாளாம்.

"வலது கால் பத்துக்குப் பத்தும்மா" என்கிறது குரல். பேனா உரசுகிறது. "பரவாயில்லியே. இருங்க, இடது காலுக்குக் கட்டைப் பிரிக்கணும், சாமான் எடுத்துட்டு வர்றேன். கண்ணைத் திறந்துக்கலாம்." செருப்புச் சத்தம் போகிறது. திறக்கவில்லை. "அக்கா, அவ போயிட்டா, திறந்துக்கோ." "இருக்கட்டும்." "தூங்கறியா?" "இல்ல." "பத்துக்குப் பத்தாம். பார்த்தியா, நான் சொன்னேன்ல, உனக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம வீட்டுக்காரங்களுக்கு எல்லாம் கால் கெட்டி. முறுக்கு திங்கறியா?" "சுகர்டி." "ஒண்ணு தின்னா என்ன ஆயிடும், விரல்தானே போகுது, வாயா போகுது?" சொல்லிவிட்டுத் தானே பயந்து, "சும்மா சொன்னேன்க்கா" என்கிறாள். முறுக்கு உடையும் சத்தம். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வருகிறதா என்று உள்ளே பார்க்கிறேன். வாயைத் திறந்து ஒரு கொட்டகைக்குள் கூப்பிடுவதுபோல இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை. ரோசம்மாள் திண்டுக்கல்லில் எங்கோ செத்தாள் என்று தபால் வந்தபோதும் இப்படித்தான் பார்த்தேன். மைதீன் பாய் கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்றார், என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "தலை! என்னம்மா, உடம்பு முளைச்சிடுச்சா?" என்று நடுத்தெருவில் கத்தினார். ஒரு காது முழுசாகப் போயிருந்தது அவருக்கு, கத்தித்தான் பேசுவார். நான் சுற்றிலும் பார்த்தேன் யாராவது கேட்டார்களா என்று. பிறகு ஐஸ் வாங்கிக்கொண்டேன். தனகோடி செத்தது இந்த ஊர் பெரியாஸ்பத்திரியில், ஈரல் வீங்கி, மஞ்சளாக. கடைசி நாளில் என்னிடம், "சட்டுனு சொல்லு" என்றான். கடிகாரம் கேட்கிறான் என்று நினைத்து மணி சொன்னேன். அவன் என்ன கேட்டான் என்று தெரியவில்லை. ஒருவேளை ஒன்றும் கேட்கவில்லை, பழக்கத்தில் வந்த வார்த்தையாக இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி நெடி, பச்சைத் திரை, இதெல்லாம் நினைவிருக்கிறது. நான் எப்படி இருந்தேன் என்பது நினைவில்லை.

வேறொன்று இருக்கிறது, அதற்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எப்போதும் இப்படித்தான், மெய்ப்பில் பிழை இருக்கும் வரியை விட்டுவிட்டு மேலும் கீழும் வாசிப்பதுபோல. மதுரை, சித்திரைப் பொருட்காட்சி, நான் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம். பிற்பகல் இரண்டாவது ஆட்டம். கொட்டகைத் தகரம் காய்ந்து, படுதா காய்ந்து, கால் ஏற்கெனவே இல்லை. தனகோடி கண் கட்டை அவிழ்த்தான். முதல் வரிசையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் குடை. கண்ணைக் கூரைக்குக் கொண்டுபோனேன். கூரையில் ஒரு ஆணி ஓட்டை, அதன் வழியே வெயில் ஒரு குச்சியாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முகமெல்லாம் ரோஸ் பவுடர், புருவம் காதுவரை மை, நெற்றியில் ஜிகினா. பெற்றவருக்கே தெரியாது என்று தனகோடி சொல்வான், அதைத்தான் அப்போது நினைத்தேன். யாரோ மழை கேட்டார்கள், சொன்னேன். யாரோ வேலை கேட்டார்கள், சொன்னேன். பிறகு அந்தக் குரல். "நான் ஒண்ணு கேக்கலாமா?" வகுப்பில் பையன்களிடம் கேட்பாரே, அதே குரல், ஆனால் கீழே இறங்கியிருந்தது. "பெரியவர் கேக்குறார்" என்றான் தனகோடி. பெரியவர் என்று சொன்னால் நல்லதாகச் சொல்லிச் சீக்கிரம் முடி என்று அர்த்தம். அவனுக்கு அப்பாவைத் தெரியாது. "என் மூத்த பொண்ணு எங்கே இருக்கான்னு நீங்க சொல்ல முடியுமாங்க?" நீங்க. என்னைப் பெற்றவர் என்னை நீங்க என்றார். என் குரலை இன்னும் கீழே இறக்கிக்கொண்டு, குகையிலிருந்து வருவதுபோல, "தூரத்துல இருக்கா. சௌக்கியமா இருக்கா. தேட வேண்டாம்" என்றேன். "சரிங்க" என்றார். பிறகு, "சாப்பிட்டாளா?" என்றார். கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன், "யோவ், அதுக்கு வயிறே இல்ல, அதுகிட்டப் போய்ச் சோத்தைக் கேக்குறியே" என்றான், இன்னும் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து மைதீன் பாயின் வண்டி உறுமியது. அன்றைக்கு ஏனோ டீயைச் சீக்கிரம் குடித்துவிட்டார். மேடை அதிர்ந்தது. "சாப்பிட்டா" என்றேன். காலையிலிருந்து தண்ணீர்கூட இல்லை. கூரையிலிருந்து கண்ணை ஒரு நொடி இறக்கினேன், சட்டத்தை மீறி ஒரே ஒரு நொடி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மேஜைக்குக் கீழே, அந்த வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த கேள்வி!" என்றான் தனகோடி. வெள்ளைச் சட்டை படுதாவை விலக்கிக்கொண்டு போயிற்று.

அவ்வளவுதான். அதன்பின் இரண்டு வருஷத்தில் செத்துப்போனார், எனக்குத் தெரிந்தது ஒன்றரை வருஷம் கழித்து. அரை நூற்றாண்டாக நான் அந்த ஒரு வார்த்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்க. தெரிந்திருந்தால் நீங்க என்று சொல்லியிருக்கமாட்டார். முகத்தைப் பார்த்துக் காறித் துப்பியிருப்பார், அல்லது கயிற்றைத் தாண்டி வந்திருப்பார், அல்லது மங்கை என்று கூப்பிட்டிருப்பார், மங்கையர்க்கரசி என்று முழுசாகக் கூப்பிட்டிருப்பார், கோபம் வந்தால் முழுப்பெயர்தான். ஆக, தெரியவில்லை. யாரோ ஒரு தலையிடம் கேட்டுவிட்டு, யாரோ ஒரு தலை சொன்ன பொய்யை எடுத்துக்கொண்டு போய், அதை நம்பி, தேடுவதை நிறுத்தி, செத்தார். நான்தான் நிறுத்தினேன். இப்படி ஒரு நாள். தெரிந்திருந்தால்? சயின்ஸ் வாத்தியார், கண்ணாடியைப் பற்றி எனக்கே சொல்லிக்கொடுத்தவர், அவரிடமா அந்தப் பித்தளைத் தட்டு செல்லும்? தெரிந்துதான் சாப்பிட்டாளா என்று கேட்டார். தெரிந்தும் கூப்பிடாமல் போனார். கூப்பிட வேண்டாம் என்று நினைத்துவிட்டார், தலை குனிந்துகொண்டார், வெட்கத்தில். இப்படி ஒரு நாள். இரண்டில் எது என்றாலும் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தக் காலைப்போலத்தான், எங்கே தொட்டாலும் ஒன்றும் இல்லை. திலகா அன்று கூட வந்திருந்தாள் என்பது அம்மாவின் காரியத்தன்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "உன்னைத் தேடி மதுரை வரைக்கும் வந்தோம்க்கா, நானும் அப்பாவும். ஒவ்வொரு கொட்டகையா அப்பா ஏறி இறங்கினார், என்னை வெளியே நிக்க வெச்சுட்டு. நீ எங்கே டிக்கெட் கிழிச்சுட்டு இருந்தியோ, எங்க கண்ணுல படல." நான் ஆமாம் என்றேன். மேலே கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒரு பதில் சொல்லிவிடுவாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. தட்டு ஒன்று மேஜையில் வைக்கப்படுகிறது. கட்டுப் பிரிகிறது, எனக்கு அது ஓசை மட்டும், துணி துணியிலிருந்து உரியும் ஓசை, பிறகு ஒரு வாடை. திலகா, "ஐயோ" என்கிறாள் வாய்க்குள். "கண் மூடியிருக்கீங்கல்ல? ஆரம்பிக்கிறேன்மா." மூச்சைப் பிடிக்கிறாள். எனக்குக் கேட்கிறது. தொட்டுவிட்டாள், சீறல். வாயில் வந்து நிற்கிறது, ம். பத்து தடவை இதைச் சொன்னால் இந்தப் பெண் சந்தோஷப்படுவாள், திலகா முறுக்கு தின்பாள், டாக்டர் வந்து பரவாயில்லையே என்பார், விரலோடு நிறுத்துவார், எல்லாரும் வீட்டுக்குப் போவோம். பிறகு இன்னொரு குண்டூசி, அல்லது வெந்நீர், அல்லது ஒரு கூழாங்கல், நான் அதன்மேல் நடந்துகொண்டே இருப்பேன், எதிர்வீட்டுப் பெண் வந்து குங்குமம் என்பாள். இந்தக் கால்தான் என்றில்லை, பத்துக்குப் பத்து என்று எழுதியாகிவிட்ட அந்தக் காலும். மறுபடி பிடிக்கிறாள், விடுகிறாள். சொல்லவில்லை. எச்சில் விழுங்குகிறேன், கழுத்து அசைகிறது, அசையட்டும். மூன்று. நான்கு. ஒவ்வொரு சீறலுக்கும் என் நாக்கு எழுகிறது, உட்காருகிறது. ஐந்தில் அவள் நிறுத்துகிறாள். "அம்மா? முழிச்சிருக்கீங்களா?" "முழிச்சிருக்கேன்." "தெரியுதா இல்லியா?" "இல்ல." "ஒண்ணுமேவா?" "ஒண்ணுமே இல்ல. அந்தக் காலும் தெரியல. உங்க மூச்சைக் கேட்டுச் சொன்னேன். போன தடவையும்." மின்விசிறி டக் என்கிறது. "மூச்சையா?" என்கிறாள் பியூலா. கோபமா என்று குரலில் தேடுகிறேன், பழக்கம். "என்னம்மா நீங்க... இருங்க. டாக்டர்கிட்ட சொல்றேன், இது மொத்தமும் மறுபடி எடுக்கணும்." அவள் எழுதியதைக் குறுக்கே அடிக்கும் சத்தம், இரண்டு கோடு. அந்த ஓசை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்டூல் நகர்கிறது. திலகா எழுந்து வந்துவிட்டாள், முறுக்கு வாசனை கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்கிறது. "ரெண்டு காலுமா அக்கா? சுத்தமாவா? எத்தனை நாளா இப்படி மரத்துப்போயிருக்கு?" "நாளெல்லாம் இல்ல. வருஷம்." "ஏன்க்கா சொல்லல?" முறுக்குப் பொட்டலத்தை மடிக்கும் சத்தம். பிறகு, எதையோ பையில் கண்டெடுத்ததுபோல, "அப்பா சொன்னது ஞாபகம் வருது" என்கிறாள். "என்ன?" "அன்னிக்கு மதுரைல, கடைசியா ஒரு கொட்டகைலேருந்து வெளியே வந்தார்ல. ஏதோ தலைப்பொண்ணுன்னு போட்டிருந்துது. எனக்கு மட்டும் டெல்லி அப்பளம் வாங்கிக் குடுத்தார், தான் ஒண்ணும் சாப்பிடல. அதுக்கப்புறம் எந்தக் கொட்டகைக்கும் ஏறல, போலாம்னுட்டார். பஸ் திருச்சி தாண்டற வரைக்கும் பேச்சே இல்ல. அப்புறம் தானா சொன்னார், 'பாவம் திலகா, அந்தப் பொண்ணுக்குக் கால் மரத்துப்போயிருக்கும்'னு. எந்தப் பொண்ணுப்பான்னேன். ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டு, 'ரத்தம் வர்ற வரைக்கும் யாராவது விரலைச் சொடுக்கிவிடணும், யார் இருக்கா'ன்னார். எனக்கு என்னன்னே புரியல. என்னவோ ஞாபகம் வந்துது இப்போ, உன் காலைப் பார்த்ததும்."

வெறும் காற்றைப் பார்க்கவில்லை அவர். மூன்றுகால் மேஜையில், கண்ணாடிக்குப் பின்னால், எது எங்கே இருக்கும் என்று தெரிந்தவர். மைதீன் பாயின் வண்டி உறும, இல்லாத கால் உதற, அவர் அதற்குப் பின்னால் இருந்த என் இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை தேட வேண்டாம் என்று சொன்னது, சரிங்க என்றார். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கண்ணைத் திறக்கிறேன். கூரைக்குப் போகிறது, பழக்கத்தில். இறக்குகிறேன். கட்டிலின் அந்தக் கோடியில், வெகு தூரத்தில், இரண்டு பாதங்கள். வலது காலின் கட்டைவிரலைத் திலகா இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எப்போதிருந்து பிடித்திருக்கிறாளோ. மெதுவாகச் சொடுக்குகிறாள், நகத்தோரம் சதை அழுந்துவதைப் பார்க்கிறேன். "தெரியுதாக்கா?"

"இல்ல" என்கிறேன். "நீ கையை எடுத்துடாதே."